பிறர்பொருட்டு உரைத்த சொல்லின் வினை

ஒருவன் தன் கையாற் செய்த களவும் கொலையும் அவனுடையனவே என்பதில் உலகத்தார்க்கு ஐயமில்லை. பிறனொருவன் ஏவ, அவன் தரும் பொருளுக்காக, அவன் வேண்டிய சொல்லை அவன்பொருட்டு ஒருவன் கூறினானாயின், அச்சொல்லால் விளையும் வினை கூறினானுடையதோ, கூறுவித்தானுடையதோ என்பது அத்துணை எளிதில் முடிவதன்று. கூறினான், 'சொல் என்னுடையதன்று. யான் வாயாக நின்றேன்' என்பான். கூறுவித்தான், 'யான் பொருள் கொடுத்தேன். சொல்லை ஆக்கினான் அவனே' என்பான். இங்ஙனம் இருவரும் தத்தம் பங்கினைப் பிறர்மேல் ஏற்றி அகல, சொல் மாத்திரம் உடையானின்றி உலகில் உலவித் தான் செய்யும் தீங்கைச் செய்துகொண்டேயிருக்கும். உடையானில்லாத வினை உண்டோ? இதனை ஆராய்வதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பழங்காலத்துப் பிறர்பொருட்டுப் பேசுவார் பலர் இருந்தனர். தூதன் அரசன்பொருட்டுப் பேசினான். புலவன் வள்ளல்பொருட்டுப் பாடினான். வழக்கறிவான் வழக்குடையான்பொருட்டு வாதித்தான். இவருள் எவரும் தாம் யார்பொருட்டுப் பேசுகின்றனர் என்பதை மறைத்திலர். தூதனைக் கண்ட மாற்றரசன், 'இவன் வாய்மொழி இவனை விடுத்தான் மொழி' என்று அறிந்தே கேட்டான். இக்காலத்தோ மக்கள் தொடர்பு என்னும் பெயரால் ஒரு தொழில் பெருகியுளது. அதனை நடாத்துவாரைப் பிரசாரகர் என்று ஈண்டு வழங்குவாம். செல்வாக்குடையாரது நற்பெயரைப் பேணுதலும், அவர்க்குப் பழி நேர்ந்துழி அதனைத் தணித்தலும் இவர்தம் கடன். அது தன்னளவிற் குற்றமுடையதன்று. ஆயினும் இவருள் ஒருசாரார் தம் சொல் யாருடையது என்று கேட்போர் அறியாவண்ணம் பேசுதலையே திறமையாகக் கொண்டனர். ஆங்கே பிறந்தது சிக்கல்.

பொதுவகையாற் கூறின் இப்பொருள் விளங்காது. ஆதலின் வரலாற்றில் நிலைபெற்ற ஒருவரது செய்தியை எடுத்துக்காட்டாகக் கொள்வாம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இத்தொழிலை வகுத்தமைத்த முன்னோருள் ஒருவர் ஐவி லீ என்பார். இவர் 1877-ம் ஆண்டிற் பிறந்தவர். முதலிற் பத்திரிகை நிருபராயிருந்து, பின் இத்தொழிலை மேற்கொண்டார். 1906-ம் ஆண்டில் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் இவரை அமர்த்திக்கொண்டபொழுது, இவர் தம் கொள்கைகளை வகுத்துப் பத்திராதிபர்கட்கு அனுப்பினார். தாம் நடத்துவது மறைவான செய்திக்கழகம் அன்று என்பதும், தம் வேலை யாவும் வெளிப்படையாக நிகழும் என்பதும், யார்பொருட்டுச் செய்தி தரப்படுகிறதென்பதைத் தடையின்றி அறிவிப்பதாகவும், செய்தியை ஆராய்ந்து மெய்காண விரும்பும் பத்திராதிபர்க்கு உதவுவதாகவும் அதன்கண் கூறியிருந்தார். இக்கொள்கையிற் குறைகாண்பார் இலர். பிறர்பொருட்டுப் பேசுவான் ஒருவன் தூய்மையோடு நிற்றற்கு வேண்டுவன யாவும் அதன்கண் உள.

எட்டாண்டு கழிந்தன. கொலராடோ மாகாணத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் 1913-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வேலைநிறுத்தஞ் செய்தனர். கம்பெனி வீடுகளினின்றும் வெளியேற்றப்பட்ட அவர்கள் மனைவி மக்களோடு கூடாரமடித்துப் பனிக்காலத்தைக் கழித்தனர். அச்சுரங்கக் கம்பெனிகளுட் பெரியதில் மிக்க பங்குடையவர் ராக்பெல்லர் குடும்பத்தார். 1914-ம் ஆண்டு ஏப்ரல் 20-ம் நாள், லட்லோ என்னுமிடத்திருந்த கூடாரக் குடியிருப்பின்மேல் மாகாணப் படையினர் சுட்டனர், கூடாரங்கள் தீக்கிரையாயின. ஒரு கூடாரத்தின்கீழ்த் தோண்டப்பட்ட குழியில் ஒளிந்திருந்த பெண்டிர் இருவரும் குழந்தைகள் 11 பேரும் மூச்சடைத்து மாண்டனர். அன்று இறந்தார் தொகை ஏறத்தாழ இருபது. நாடெங்கும் எழுந்த பழிச்சொல் இளைய ராக்பெல்லரைச் சூழ்ந்தது. அவர் அப்பழியைத் தணித்தற்பொருட்டு ஐவி லீயைத் திங்கள் ஒன்றுக்கு 1000 டாலர் ஊதியத்தில் அமர்த்தினார்.

லீ அவர்கள் கொலராடோப் போராட்டத்தைப்பற்றிய செய்தித்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டு, நாட்டில் மதிப்புடையார் பலர்க்கும் அனுப்பினார். அவை சுரங்க மேலாளர்கள் பெயரால் வெளிவந்தன. அவற்றை எழுதினார் பெயர் அவற்றில் இல்லை. அவற்றுள் ஒன்று, தொழிலாளர் தலைவர்கள் ஓராண்டு முழுதும் பெற்ற தொகையை ஒன்பது வாரத்திற் பெற்ற தொகையாகக் காட்டியது. பசித்த தொழிலாளர்க்குத் தலைமை தாங்குவார் கொள்ளைப்பொருள் பெறுகின்றனர் என்னும் எண்ணத்தைக் கற்பார் நெஞ்சில் அது பதித்தது. பின்னர் 1915-ம் ஆண்டில், பிராங்க் வால்ஷ் என்பார் தலைமையில் அமைந்த தொழில் உறவு ஆணைக்குழுவினர் லீயை வருவித்து வினாவினர். சுரங்க முதலாளிகள் தந்த செய்திகள் மெய்யோ என அறிதற்கு நீர் செய்த முயற்சி யாது என்று கேட்டபொழுது, அவர் தாம் ஒரு முயற்சியும் செய்திலர் என்று விடையிறுத்தார்.

அவ்விடையே இக்கட்டுரைக்குக் கருவாயது. அதன்கண் ஒளிவு இல்லை; உள்ளதை உள்ளவாறே கூறினார். ஆயினும் அதன்கண் ஒரு தடை அடங்கிக்கிடக்கிறது: 'தந்தான் ஒருவன், யான் சேர்ப்பித்தேன், மெய்ம்மை காணுதல் என் கடனன்று' என்பதே அது. இத்தடையையும் இதனோடு ஒத்த பிறவற்றையும் முறையே எடுத்து விடை காண்பாம்.

முதற்றடை: சொல்லின் பொருள் பிறனிடத்திற் பிறந்தது, கூறினான் கருவிமாத்திரம், கருவிக்கு வினையில்லை என்பது. வாளால் வெட்டினவனைத் தண்டிப்பதன்றி வாளைத் தண்டிப்பாரில்லையே எனின், அற்றன்று. வாள் அறிவில்பொருள், நாவுடையான் அறிவுடையான். மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் வினை ஈட்டப்படும் என்பது நம் நூற்றுணிபு. வாக்கினை வெறும் ஒலியென்று நம் ஆசிரியர் கொண்டிலர். செவிக்குப் புலனாகும் வைகரியின் முன்னே, சொற்கள் உள்ளத்தில் முறைப்பட்டு நிற்கும் மத்திமையும், அதன்முன்னே மயில்முட்டையினுள் நீர்போலப் பாகுபாடின்றிக் கிடக்கும் பைசந்தியும், அதன்முன்னே சூக்குமையும் உளவென்று நால்வகைப்படுத்துக் கூறினர். பிறன் தந்த செய்தியேயாயினும், அதனை வாங்கி, எச்சொல் முற்பட வேண்டும், எச்சொல் பிற்பட வேண்டும், எது மறைய வேண்டும் என்று தன் மத்திமையில் ஒழுங்குபடுத்தாமல் எவனும் வைகரியாக வெளியிடல் இயலாது. அவ்வொழுங்குபடுத்தல் அவன் தன் அறிவும் இச்சையும் செயலும் கூடிய தொழில். அத்தொழிற்கே அவன் ஊதியம் பெறுகின்றான். சொல்லாக்கத்திற்குக் கூலி பெறுங்கால், 'ஆக்கினேன் யான்' என்பவன், அதன் தீங்கிற்கு விடைகூறுங்கால், 'கருவி யான்' என்பது பொருந்தாது. செய்வான், செய்விப்பான், உடன்படுவான் என்னும் மூவரும் வினைக்கு உரியர். ஒருவர்க்கு உரித்தென்பதனால் ஏனையோர்க்கு இல்லையென்று ஆகாது. வினை பங்கிட்டுக் குறைக்கப்படும் பொருளன்று. ஒரு விளக்கினின்றும் மூன்று விளக்கேற்றினால் ஒவ்வொன்றும் முழுச்சுடரே.

இனி, நாடாமையும் ஒரு வினையேயாம். அறியாது பொய் கூறினானுக்கும் அறிந்து கூறினானுக்கும் வேற்றுமை உண்டு என்பது மெய்யே. ஆனால் அறியாமை இருவகைப்படும். முயன்றும் அறியப்படாமை ஒன்று. அறியின் இடையூறாம் என்று கருதி முயலாமை மற்றொன்று. பின்னையது அறியாமை என்னும் போர்வை போர்த்த அறிவே. கிணற்றில் நஞ்சு கலந்ததோ என ஐயுறும் இடத்தில், பார்க்காது நீர் முகந்து வழிப்போக்கர்க்கு வார்ப்பவன், 'யான் நஞ்சென்று அறியேன்' என்பது விடையாகாது. சொல்லும் பல்லாயிரவர் பருகும் நீரே.

இரண்டாந் தடை: யாம் பொய் கூறிற்றிலேம், மெய்களுள் வேண்டுவனவற்றைத் தெரிந்தெடுத்துக் கூறினேம் என்பது. இது பிரசாரகர்க்கு மிகவும் உவப்பான விடை. நம் நாட்டார் இதனைப் பாரதத்திலேயே கண்டு தீர்த்துள்ளனர். அசுவத்தாமன் என்னும் பெயருடைய யானை ஒன்று மாண்டது மெய்யே. தருமன் வாயினின்று வந்த சொற்றொடரில் எழுத்தளவிற் பிழையில்லை. அச்சொல்லைக் கேட்ட துரோணர் நெஞ்சில் எழுந்ததோ தம் மகன் மாண்டான் என்னும் பொய். அதுகாறும் நிலத்திற் படாது சென்ற தருமன் தேர் அன்று நிலத்திற் பட்டது என்பர். வாய்மையை அளக்கும் இடம் கூறுவான் வாய் அன்று. கேட்பான் நெஞ்சில் யாது விளையவேண்டும் என்று கூறுவான் கருதினானோ, அக்கருத்தே என்பது இதனாற் பெறப்படும். ஓராண்டுத் தொகையும் மெய். ஒன்பது வாரம் என்னும் காலமும் எண்ணளவில் ஒரு காலமே. இரண்டையும் இயைத்தவிடத்துப் பிறந்தது பொய்.

குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின்பாற்படும் என்று திருவள்ளுவர் இசைந்தனரன்றோ எனின், இசைந்தனர். அந்நன்மை யாருக்கு என்று வினாவுக. உயிர்க்கஞ்சி ஓடிவந்து ஒளிந்தானைக் காத்தற்பொருட்டு, 'ஈண்டு வந்திலன்' என்பான் கூற்று அத்தகையது. அதன்கண் நன்மை நலிவுற்றானுக்கு. கூறினானுக்கு ஊதியம் யாதுமில்லை. வலியானது பழியை மெலியார்மேல் ஏற்றுதற்குக் கூலி பெற்றுக் கூறுவது அதற்கு நேர்மாறாயது. அவ்வதிகாரத்தின் நிழலில் இதற்கு இடமில்லை.

மூன்றாந் தடை: உண்ட சோற்றிற்கு நன்றி காட்ட வேண்டாவோ என்பது. செஞ்சோற்றுக்கடன் நம்மவரால் உயர்த்துக் கூறப்பட்ட அறமாதலின் இதனை எளிதாகத் தள்ளலாகாது. கும்பகருணன் தமையனுக்கு இடித்துரைத்தான். அவன் கேளானாக, அவன்பொருட்டுப் போர்க்களம் புகுந்து மாண்டான். அவனை இகழ்வார் இலர். யாது காரணம்? அவன் கொடுத்தது தன் உயிர். தன் பெயரோடும் தன் உருவோடும் வெளிப்பட நின்று கொடுத்தான். அவன் பக்கம் எது என்பதை எதிர்நின்றார் யாவரும் அறிந்தனர். மாரீசனை நோக்குக. அவனும் இராவணனுக்கு நல்லுரையே கூறினான். முன் பட்ட அம்பின் நினைவால் அவனும் போர்த்தொழிலிற் சலித்திருந்தான். 'உடன்படாயேல் கொல்வேன்' என்று அச்சுறுத்தப்பட்டே உடன்பட்டான். ஆயினும் அவன் செய்தது யாது? தன் உருவை மறைத்தான். பிறன் குரலால் அரற்றினான். அக்குரலை இராமன் குரலென்று நம்பியதனாலன்றோ இளையவன் சிறைவாயிலைவிட்டு அகல நேர்ந்தது. மாரீசன் முன்னர்க் கூறிய நல்லுரை இராவணன் செவியளவில் நின்றொழிந்தது. அவன் எழுப்பிய பொய்க்குரலோ ஓர் ஊழையே நடாத்தியது. செஞ்சோற்றுக்கடன் உயிரைக் கொடுக்கச் சொல்லும்; வாய்மையைக் கொடுக்கச் சொல்லாது. ஏனெனில் உயிர் ஒருவனுடைய பொருள். வாய்மையோ அவனும் கேட்போனும் ஒருங்கே நிற்கும் பொதுநிலம். பொதுநிலத்தை விற்றற்கு ஒருவனுக்கு உரிமையில்லை.

நான்காந் தடை: குற்றவாளிக்காகவும் வழக்கறிஞர் வாதிக்கின்றனரே என்பது. வழக்கறிஞர் நிற்குமிடம் நீதிமன்றம். ஆங்கே எதிர்வாதி உளன், நடுவன் உளன், சான்று வினாவப்படும், அவர் ஒருபக்கத்தார் என்பது யாவர்க்கும் தெரியும். பத்திரிகை கற்பானோ தன் இல்லத்தில் தனித்திருக்கின்றான். அவன்முன் எதிர்வாதி இல்லை. அவனே நடுவன், ஆனால் தான் நடுவன் என்பதையும், தன்முன் வழக்கு நிகழ்கின்றது என்பதையும் அவன் அறியான். அத்தகையான்முன் பெயர் மறைத்துப் பேசுதல் நடுவனது ஊணிற் கைந்நஞ்சு தூவுவதை ஒக்கும். யார்பொருட்டு என்று பெயர் கூறுதலை 1906-ல் லீ அவர்களே முதற்கொள்கையாக வைத்தமை இக்கருத்துப்பற்றியேயாம்.

திருக்குறளின் அதிகார வைப்பும் ஈண்டு நினையத்தக்கது. சொல்வன்மையை 65-ம் அதிகாரமாக வைத்த ஆசிரியர், அதனை அடுத்து வினைத்தூய்மையை 66-ம் அதிகாரமாக வைத்தார். தூது 69-ம் அதிகாரமாக அதன்பின்னரே வருகின்றது. சொல்லில் வல்லான் ஒருவன் பிறர்பொருட்டுச் சென்று பேசுதற்குமுன் தன் செயல் தூயதோ என்று ஆராய்தல் வேண்டும் என்பதை இவ்வைப்பு அறிவுறுத்துமென்று கொள்ளுதல் இழுக்காது.

இனி, லீ அவர்கள் வரலாற்றின் பிற்பகுதியைக் காண்பாம். அவரால் நன்மையே விளைந்திலது என்று கூறுதல் நடுவுநிலைமை யாகாது. ராக்பெல்லரைத் தொழிலாளரிடத்து நேரிற் சென்று காணுமாறு தூண்டியவருள் அவர் ஒருவர். 1915-ம் ஆண்டில் ராக்பெல்லர் கொலராடோ சென்று சுரங்கங்களுட் புகுந்து தொழிலாளரோடு அளவளாவினார். பிற்காலத்துக் கனடாவின் பிரதமரான மெக்கன்சி கிங் வகுத்த ஒரு தொழிலாளர் பிரதிநிதித் திட்டமும் அங்கு நடைமுறைக்கு வந்தது. செல்வனைத் திருத்துதலும் ஓர் உதவியே. ஆனால் அதனால் முன்னைப் பொய் மெய்யாகாது.

அவர்க்கு ஐம்பதாண்டு கடந்தபின், ஜெர்மானிய நாட்டு இரசாயனப் பெருங்கம்பெனியாகிய ஐ. ஜி. பார்பென் அவரை அமர்த்தியது. ஆண்டிற்கு 25,000 டாலர் ஊதியம் எனப்பட்டது. ஹிட்லர் ஆட்சி 1933-ல் தொடங்கியபின்னும் அத்தொடர்பு நீங்கவில்லை. 1934-ம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கக் காங்கிரஸின் சிறப்பு விசாரணைக் குழுவினர்முன் அவர் சான்று கூறினார். தாம் அமெரிக்காவில் அவர்கள்பொருட்டுப் பிரசாரம் யாதும் பரப்பவில்லை என்றும், அறிவுரை மாத்திரம் கூறியதாகவும், யூதரை அவர்கள் நடத்தும் முறைக்கு அமெரிக்க மக்களை ஒருகாலும் இசைவித்தல் இயலாது என்று அவர்கட்கு எடுத்துரைத்ததாகவும் கூறினார். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அச்சான்று வெளிப்பட்டபொழுது பத்திரிகைகள் அவரை ஹிட்லரின் துணைவரெனத் தூற்றின. பிறர் பெயரைக் காத்தலே தொழிலாக வாழ்ந்தவர் தம் பெயரைக் காக்கமாட்டாராயினார். மூளையிற் கட்டியால் நலிந்திருந்த அவர் அவ்வாண்டு நவம்பர் 9-ம் நாள், 57-ம் வயதில் இறந்தார். அக்கம்பெனி பின்னாளிற் செய்த கொடுமைகளும், அதன் தலைவர்களுள் 13 பேர் 1948-ல் நியூரம்பர்க்கிற் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டமையும் அவர் மறைவிற்குப் பின்னர் நிகழ்ந்தன. அவற்றை அவர்மேல் ஏற்றுதல் நீதியன்று.

ஆயினும் ஒன்று வினாவத்தக்கது. செவியில் நல்லுரை, கையில் ஊதியம், ஊரறியாத் தொடர்பு. இம்மூன்றும் ஒருங்கு நின்றால் நல்லுரையின் கதி யாது? உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்தத்தின் உயிர்நிலைக் கொள்கைகளுள் ஒன்று. படிகம் தன்னை அடுத்த நிறத்தைத் தன்னிறமாகக் காட்டும். செம்மலரை அடுத்த படிகம், 'யான் வெண்மையையே விரும்புகின்றேன்' என்று கூறினும் காண்பார் கண்ணுக்குச் செம்மையே தோன்றும். செம்மை நீங்க வேண்டின் மலரைவிட்டு விலகுதலே வழி. தீயார்க்குத் தனிமையிற் கூறும் நல்லுரை, பலர்முன் அவரோடு நிற்றலால் வரும் சார்பைப் போக்காது. அன்றியும், மதிப்புடையான் ஒருவன் தம்பால் இருக்கின்றான் என்பதே தீயார்க்கு அவன் ஈயும் பெரும்பொருள். வாய் பேசாதொழியினும் அவனது இருப்பே பேசும்.

இனிச் சலிப்பினைப்பற்றிக் கூறுவாம். இத்தொழிலில் நெடுநாள் உழன்றார் பலர்க்கு ஒரு காலத்தில் வெறுப்புத் தோன்றும். யாரைப் புகழ்ந்தனரோ அவர் இழிவு அவர்க்குத் தெரியும். எதனை மறைத்தனரோ அது அவர் உறக்கத்தைக் கெடுக்கும். அவ்வெறுப்பையே தம் தூய்மைக்குச் சான்றாக அவர் கொள்வர். 'யான் இதனை விரும்பிச் செய்யவில்லை. மனம் ஒட்டாமற் செய்கின்றேன்' என்பர். பற்றின்றிச் செய்யும் வினை பந்தியாது என்ற நூற்கருத்தையும் துணைக்கழைப்பாருமுளர். இது பெருமயக்கம். வினைப்பயனை நுகர்கின்றுழி உடலும் மனமும் அயர்தல் நுகர்ச்சியின் ஒரு பகுதியேயன்றி நீக்கமன்று. இனிப்பை மிகவுண்டு தெவிட்டினான் இனிப்பைத் துறந்தானாகான். மறுநாட் பசி அவனை மீட்டும் பந்திக்கு அழைத்துவரும். இருவினையொப்பு என்பது நல்வினை தீவினை இரண்டன் பயனிலும் உவர்ப்பின்றி உவப்பின்றி அறிவு ஒப்ப நிற்றல். சலித்தவன் நிலையோ அஃதன்று. அவன் பழியை வெறுக்கின்றான், ஊதியத்தை வெறுத்திலன். சுமையை இறக்கிவைத்தான் வேறு. தோள் நோகின்றது என்று சொல்லிக்கொண்டே சுமப்பான் வேறு. பின்னவன் சுமை ஒரு பலமும் குறைந்திலது.

சலிப்புக்கு ஒரு பயன் உண்டு. அது வாயிற்கதவைத் தட்டும் ஒலி. எழுந்து திறந்தவனுக்கு அது விடியல். புரண்டு படுத்தவனுக்கு அது கனவோடு கலந்துபோம்.

எழுந்து திறந்தவர் ஒருவரையும் காட்டுவாம். 1974-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ம் நாள், வாட்டர்கேட் ஊழலால் நிக்ஸன் பதவி விலக, போர்டு அமெரிக்க ஜனாதிபதியானார். ஜெரால்ட் டெர்ஹோர்ஸ்ட் என்னும் பத்திரிகையாளர் அவர்க்குப் பத்திரிகைச் செயலாளராக அமர்ந்தார். நிக்ஸனுக்கு மன்னிப்பளிக்கும் எண்ணமில்லை என்று தமக்குக் கூறப்பட்டதை நம்பி அவர் நிருபர்கட்கு விடை கூறியிருந்தார். செப்டம்பர் 8-ம் நாள் மன்னிப்பு வழங்கப்பட்டது. வியட்நாம் போருக்கு மனச்சான்று பற்றிச் செல்ல மறுத்த இளைஞர்க்கு மன்னிப்பில்லாதபோது நிக்ஸனுக்கு மாத்திரம் அளித்ததைத் தம்மாற் பலர்முன் தாங்கிப் பேசல் இயலாது என்று கூறி அன்றே அவர் விலகினார். பதவியில் இருந்தது ஒரு திங்களே. அம்மன்னிப்பு நன்றோ தீதோ என்பது அரசியலார் ஆய்வுக்குரியது. யாம் அதனுட் புகேம். தாம் மெய்யென்று நம்பாததைத் தம் நாவாற் கூறேன் என்று ஒருவர் துணிந்தமையே ஈண்டு வேண்டுவது. பழி பரவும்வரை காத்திருந்திலர். சலிப்பு முதிரும்வரையும் காத்திருந்திலர். அவரே பல்லாண்டு கழித்து ஒரு மோட்டார்க் கம்பெனியின் பொதுவிவகாரத் துறையிற் பணியாற்றினார் என்பதும் அறியத்தக்கது. ஆதலின் பிறர்பொருட்டுப் பேசும் தொழில் தன்னளவில் தீதன்று என்பதும், எங்கே நிற்பது என அறிந்து நிற்றலே வேண்டுவது என்பதும் போதரும்.

சட்டத்தாரும் இந்நெறியை ஓரளவு உணர்ந்தனர். வேற்று நாட்டார்பொருட்டு உழைப்பார் தம்மைப் பதிவுசெய்து வெளிப்படுத்தவேண்டும் என்னும் சட்டம் 1938-ல் அமெரிக்காவிற் பிறந்தது. அண்மையிலும், தென்னாப்பிரிக்காவிற் செல்வாக்குடைய குப்தா குடும்பத்தாரது கம்பெனியின்பொருட்டு நிறவேற்றுமைப் பகையை மூட்டும் பிரசாரம் நடத்திற்று என்னும் குற்றத்தால், லண்டனிலிருந்த பெல் பாட்டிஞ்சர் என்னும் கழகம் 2017-ம் ஆண்டு செப்டம்பரில் தன் தொழிற்சங்கத்தினின்றும் விலக்கப்பட்டு, அம்மாதத்திலேயே நிலைகுலைந்தது. ஆயினும் சட்டம் தண்டிப்பது வெளிப்பட்டதையே. வெளிப்படாததையும் வினை விடாது என்பது நாம் அறிந்ததாதலின், அகப்பட்டமையைக் குற்றமென்றும் அகப்படாமையைத் தூய்மையென்றும் கொள்ளுதல் நமக்கு இயைவதன்று.

தீங்குற்றாரை மறந்து பிரசாரகரையே நோக்கிக்கொண்டிருத்தலும் ஒரு பிழையாம். லட்லோவிற் குழந்தையை இழந்த தாய்க்கு முதற்றுயர் இழப்பு. அவ்விழப்பிற்குக் காரணர் நின் பக்கத்தாரே என்று நாடெங்கும் அச்சிட்டுப் பரப்புதல் இரண்டாந்துயர். முதலது படைஞர் செய்தது. இரண்டாவது எழுதுகோல் செய்தது. எழுதினவர் அத்தாயைக் கண்டாரல்லர். கண்டிருப்பின் எழுதியிரார் என்றே யாம் கருதுகின்றேம். தொலைவு கொடுமையை எளிதாக்கும். 1918-ம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தார் அவ்விடத்தே ஒரு நினைவுக்கல் நாட்டி, மாண்டார் பெயர்களைப் பொறித்தனர். 2009-ம் ஆண்டில் அரசாங்கம் அவ்விடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. செய்தித்தாள்கள் மட்கின, பெயர்கள் நிற்கின்றன.

இவையெல்லாம் மேனாட்டுச் செல்வரையும் அவர்தம் ஏவலாளரையும் பற்றியன. நமக்கு இவற்றால் என்னை எனின், நமக்கே மிகவும் உரியன என்போம். வள்ளலைப் பாடிப் பொருள்பெற்ற மரபு நம் புலவர் மரபு. வலிமையில்லானை வீரனென்றும் ஈயானைக் கொடையாளியென்றும் பாடித் திரியற்க என்று சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்புகலூர்ப் பதிகத்திற் புலவரை நோக்கி அறிவுறுத்தியருளியது யாரைக் குறித்து? நூலை முற்றும் படியாது சாற்றுகவி அளிப்பார், ஒழுக்கத்தை ஆராயாது செல்வரை அவையிற் புகழ்வார், நிறுவனத்தின் குறையை அறிந்தும் அதன் விழாமலருக்குப் பாமாலை புனைவார் நம்முள் இலரோ? 'மெய்யோ என நாடினீரோ?' என்று அவரை வினாவின், ஆணைக்குழுவின்முன் லீ அவர்கள் கூறிய விடையன்றி வேறு விடை அவர்க்கு உளதோ? கூலி டாலராயினும் பொன்னாடையாயினும் ஓரிலைச் சோறாயினும் வினை ஒன்றே.

ஆகவே பிறர்பொருட்டுப் பேசுவார் மூன்றினைக் கடைப்பிடித்தல் வேண்டும் என்று துணிகின்றேம். யார்பொருட்டுப் பேசுகின்றேன் என்பதைக் கேட்போர்க்கு மறையாமை ஒன்று. கூறுவதை மெய்யென்று தானே நாடியறிந்து கூறுதல் மற்றொன்று. அச்சொல்லாற் புண்படுவான் எதிர்நிற்பினும் அதனையே கூறுதற்கு இயலுமோ எனத் தன்னைக் கேட்டல் மூன்றாவது. இம்மூன்றில் ஒன்று தவறினும் நாவை அடக்குக.

முன்னரே தவறினார்க்குக் கழுவாய் யாது எனின், சலித்தலும் வருந்துதலும் போதா. பொய்யை எத்துணைப் பேர்க்கு அனுப்பினரோ அத்துணைப் பேர்க்கும், எத்துணை உரக்கக் கூறினரோ அத்துணை உரக்கவும், மெய்யைத் தம் பெயரோடு கூறுதல் வேண்டும். அது வாழ்நாளின் எஞ்சிய ஊதியத்தையெல்லாம் விழுங்குமாயினும் விழுங்குக. ஈட்டிய வினை நுகர்ந்தன்றிக் கழியாது. ஆயினும் இனி ஈட்டாமை இன்றே தொடங்கலாம். அதற்கு வயதும் தடையன்று, களைப்பும் தடையன்று. நாவசையும் துணையும் காலம் உண்டு.